பிளானட்டரி கியர் போனால்: செட்டை மட்டும் மாற்றுவதா, கியர்பாக்ஸையே மாற்றுவதா?

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மெக்கானிக் "பிளானட்டரி போயிடுச்சு" என்று சொன்னால், வண்டிக்காரர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அதை மட்டும் மாத்தினா போதுமா?" நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அது ஏன் போனது என்பது. காரணம் தெரிந்துவிட்டால் சின்ன ரிப்பேர்கூட வருடக்கணக்கில் நிற்கும். தெரியாமல் போட்டால் புதுக் கியர்பாக்ஸுக்கும் அதே கதிதான்.

பிளானட்டரி கியர் சும்மா கெடுகிற சாமான் இல்லை. நடுவே சன் கியர், அதைச் சுற்றி மூன்றிலிருந்து ஐந்தாறு பினியன்கள் என்கிற சின்னப் பல்சக்கரங்கள், அந்தப் பினியன்களைத் தாங்கிப் பிடிக்கும் கேரியர், வெளியே உட்புறமாகப் பல் வெட்டிய ரிங் கியர். இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு செட். இவை எப்போதுமே பல்லோடு பல் கோத்தபடிதான் இருக்கும். கியர் மாறும்போது எந்தப் பல்லும் விலகிச் சேர்வதில்லை. எந்த உறுப்பைப் பிடித்து நிறுத்துவது, எதற்குச் சுழற்சியைக் கொடுப்பது என்பதைக் கிளட்சுகளும் பிரேக்குகளும் மாற்றிக்கொள்கின்றன, அவ்வளவுதான். அதனால் தேய வேண்டியது கிளட்ச் பிளேட், பல் இல்லை. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யிலேயே இரண்டு வேகப் பிளானட்டரி கியர்தான் இருந்தது. அத்தனை பழைய, அத்தனை உறுதியான ஏற்பாடு.

அப்படியானால் எப்படிப் போகிறது? பெரும்பாலும் எண்ணெய் கிடைக்காமல். பல கியர்பாக்ஸ்களில், குறிப்பாகப் பின்சக்கரத்தை ஓட்டும் வண்டிகளில், ஏ.டி.எஃப். என்கிற கியர்பாக்ஸ் எண்ணெய் பம்பிலிருந்து டார்க் கன்வர்ட்டருக்கு (என்ஜினின் சுழற்சியை எண்ணெய் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) போய், அங்கிருந்து எண்ணெயை ஆற்றும் கூலருக்குப் போய், ஆறித் திரும்பி வரும்போதுதான் ஷாஃப்டின் நடுத்துளை வழியாகப் பிளானட்டரிக்குப் போய்ச் சேருகிறது. கூலரில் அடைப்பு இருந்தால் பந்தியின் கடைசி இலையில் உட்கார்ந்தவருக்குச் சோறு தீர்ந்துபோவது போலப் பிளானட்டரி காய்ந்துபோகும். கிளட்சுக்கு அழுத்தம் சரியாகவே போய்க்கொண்டிருக்கும். கியரும் ஒழுங்காக மாறும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது, சத்தம் வரும் வரை.

இன்னொரு காரணம் கயிறு கட்டி இழுப்பது. என்ஜின் ஓடினால்தான் பம்ப் ஓடும். ஓட்டும் சக்கரங்கள் தரையில் இருக்க, என்ஜின் அணைந்த வண்டியை நியூட்ரலில் வெகுதூரம் இழுத்துப் போனால், அவுட்புட் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், எண்ணெய் மட்டும் வராது. வண்டியைத் தட்டுப்பலகை லாரியில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்வது இதற்காகத்தான். மூன்றாவது, அதிர்ச்சி: சேற்றில் சக்கரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கெட்டித் தரையைப் பிடித்தால் அந்த அடி முழுவதும் பல்லிலும் ஸ்பிளைனிலும்தான் (ஷாஃப்டையும் உறுப்பையும் கோத்துப் பூட்டும் நீள வரிப்பள்ளங்கள்) விழும்.

திறப்பதற்கு முன்னால்

கெட்டது பிளானட்டரிதான் என்பதை உறுதிசெய்துகொள்ளாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. வெளியிலிருந்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

உய்ய்ங் என்ற சத்தம் எந்தெந்த கியரில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நேரடி கியரில், அதாவது உள்ளே போகும் வேகமும் வெளியே வரும் வேகமும் சமமாக இருக்கும் கியரில், பழைய மூன்று, நான்கு வேகப் பெட்டிகளில் செட் முழுவதும் ஒரே கட்டையாகச் சேர்ந்து சுற்றும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உருளலே இருக்காது. ஆகவே முதல், இரண்டாம் கியரில் கத்திவிட்டு மூன்றாம் கியரில் கப்பென்று அடங்கினால் சந்தேகம் பிளானட்டரி மேல்தான். இசட்.எஃப். கம்பெனியின் எட்டு வேக 8எச்.பி. பெட்டியில் ஆறாவது நேரடி கியர். ஆனால் அதே கம்பெனியின் ஆறு வேக 6எச்.பி.யில் ஒன்றுக்கு ஒன்று விகிதமே கிடையாது, அதனால் அங்கே இந்தச் சோதனை எடுபடாது. பார்க்கிலும் நியூட்ரலிலும்கூடச் சத்தம் இருந்து, என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கினால் பம்பையோ கன்வர்ட்டரையோ பாருங்கள். எந்த கியராக இருந்தாலும் வண்டியின் வேகத்தை மட்டுமே பின்தொடரும் இரைச்சல் டிஃபரன்ஷியலிலோ சக்கர பேரிங்கிலோ இருக்கலாம். இதற்கெல்லாம் கியர்பாக்ஸை இறக்கினால் வீண்செலவு.

அப்புறம் ஆயில் பேன். அதற்குள் ஒரு காந்தம் இருக்கும். அதன் மேல் சாம்பல் நிறத்தில் மாவு போல ஒரு படிவு இருந்தால் பதற வேண்டாம், அது சாதாரணத் தேய்மானம். விரலில் எடுத்துத் தேய்த்தால் மை போலப் பரவிவிடும். விரலில் குத்துகிற ஊசித்துண்டுகளோ, வெளிச்சத்தில் மின்னும் செதில்களோ இருந்தால் அது வேறு கதை. நீடில் பேரிங் (ஊசி போன்ற உருளைகள் வைத்த பேரிங்) உடைந்தால் ஊசிகள் முழுதாகவே விழுந்து கிடக்கும். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள் இருந்தால் புஷ்ஷோ வெண்கல வாஷரோ தேய்கிறது. கருப்புச் சக்கையாக இருந்தால் அது கிளட்ச்.

ஸ்கேனரில் பி0730 வரிசைக் கோடுகள் (கியர் விகிதம் தப்பு என்று கம்ப்யூட்டர் காட்டும் பிழைக் குறியீடுகள்) வந்தால் அதையும் அவசரப்பட்டுப் பிளானட்டரி தலையில் கட்டக்கூடாது. உள்ளே போகும் வேகத்தையும் வெளியே வரும் வேகத்தையும் சென்சார்கள் அளக்கின்றன, விகிதம் ஒத்துப்போகவில்லை என்றால் கோடு வருகிறது. வழுக்கும் கிளட்சும் அதே கோடைத்தான் போடும்.

ஜி.எம். நிறுவனத்தின் 4எல்60-ஈ பெட்டியில் இதைவிடத் தெளிவான அறிகுறி ஒன்று உண்டு. ரிவர்ஸ் விழாது. முதல் கியரில் வண்டி கிளம்பும், இரண்டாவதுக்கு மாறும்போது நியூட்ரல் போல என்ஜின் கத்தும், மூன்றாவது வந்ததும் மறுபடி பிடித்துக்கொள்ளும். நான்காவதும் இருக்காது. இரண்டு, நான்கு, ரிவர்ஸ் மூன்றும் ஒன்றாகப் போனால் அங்கே பெரும்பாலும் சன் ஷெல் என்கிற டிரம்மின் ஸ்பிளைன் வழித்துக்கொண்டு போயிருக்கும். சன் கியரைப் பிடித்துச் சுற்றுவது அந்த ஷெல்தான். பினியன்கள் நன்றாகவே இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் போய்ப் பெட்டியையே மாற்றச் சொல்வது அநியாயம்.

பினியனை மட்டும் மாற்றினால்?

இருப்பதிலேயே சின்னச் செலவு இதுதான் என்பதால் இது முதலில் மனதில் வரும். என் கருத்து: வேண்டாம்.

கழற்றிய கேரியரைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும். ஒவ்வொரு பினியனும் ஒரு பின்னில் உட்கார்ந்திருக்கும். பின்னுக்கும் பினியனுக்கும் நடுவே நீடில் பேரிங், இரு பக்கமும் மெல்லிய த்ரஸ்ட் வாஷர். பின்னின் தலையைக் கேரியர் உலோகத்தோடு சேர்த்து அடித்து நசுக்கிப் பூட்டியிருப்பார்கள். பினியனை விரலால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லேசாக அசைய வேண்டும், அந்த அசைவைப் பினியனுக்கும் கேரியருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டு அளந்து சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். எல்லாம் மில்லிமீட்டருக்குக் குறைவான கணக்கு. பக்கவாட்டில் சாய்ந்து ஆடினால் பேரிங் முடிந்தது. பின்னின் முனை நீலமாகவோ கறுத்தோ இருந்தால் எண்ணெய் இல்லாமல் சுட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சூட்டை அடுத்த பினியனும் பார்த்திருக்கும், கேரியரில் உள்ள பின் துளையும் பார்த்திருக்கும்.

இந்த நிலையில் ஒரு பினியனை மட்டும் புதிதாகப் போட்டால், தேய்ந்த மூன்றின் நடுவே தேயாத ஒன்று நிற்கும். பாரம் சமமாகப் பிரிவதுதான் பிளானட்டரியின் பலமே. அது போய்விட்டால் புதுப் பல்லே அதிகப் பாரத்தைத் தாங்கிச் சீக்கிரம் குழிவிழும். நசுக்கிப் பூட்டிய பின்னை வெளியே எடுத்துத் திரும்பப் பூட்டுவதும் எல்லாப் பட்டறைக்கும் வருகிற வேலை இல்லை. சரியாகப் பூட்டாத பின் ஓடும்போது வெளியே நகர்ந்து பக்கத்திலிருக்கும் டிரம்மை அறுக்கும். பல தயாரிப்பாளர்கள் பினியனைத் தனி ஸ்பேராகக் கொடுப்பதே இல்லை, கேரியரை முழு அசெம்ப்ளியாகத்தான் தருகிறார்கள்.

முழு கேரியர், கூடவே ஓவர்ஹால்

காரணம் தெரிந்துவிட்டது, சேதம் ஒரு செட்டோடு நின்றுவிட்டது என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். கேரியர் அசெம்ப்ளி புதிது, அதோடு பல் கோக்கும் சன் கியரும் ரிங் கியரும் புதிது அல்லது நல்ல நிலையில் உள்ளவை, அதற்கு மேல் ஓவர்ஹால் கிட்: கிளட்ச் பிளேட், சீல், கேஸ்கெட், ஃபில்டர், த்ரஸ்ட் பேரிங், புஷ்.

"கிளட்ச் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும்?" என்று தோன்றும். கூலியைப் பார்த்தால் விஷயம் புரியும். கியர்பாக்ஸை இறக்கி, பிரித்து, சேர்த்து, ஏற்றுவதுதான் இந்த வேலையில் பெரும்பங்கு. கிட்டின் விலை அதன் பக்கத்தில் சின்னது. ஆறு மாதத்தில் ஒரு சீல் கடினப்பட்டுக் கிளட்ச் எரிந்தால் அந்தக் கூலி முழுவதையும் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். தவிர, உலோகத் துகள் கிளட்ச் பிளேட்டின் மெத்தையான பரப்பில் போய்ப் பதிந்திருக்கும். கழுவினால் போகாது.

இந்த வழியில் பட்டறையின் கைத்திறமை முக்கியம். இந்தப் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. பாரம் ஏறும்போது சன் கியரும் ரிங் கியரும் ஷாஃப்டின் நீளவாக்கில் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் உறுப்புக்கு உறுப்பு த்ரஸ்ட் பேரிங் வைத்திருக்கிறார்கள். புதுக் கேரியர் போட்டால் மொத்த எண்ட் பிளேயை, அதாவது நீளவாக்கில் உள்ள அசைவை, டயல் கேஜ் வைத்து அளந்து, அதற்கேற்ற தடிமனில் வாஷர் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். "பழைய வாஷரையே போட்டுட்டோம், நல்லா உட்கார்ந்திடுச்சு" என்று ஒரு பட்டறை சொன்னால் எழுந்து வந்துவிடலாம். உங்கள் கியர்பாக்ஸுக்கான சர்வீஸ் மேனுவல் அங்கே இருக்கிறதா, எண்ட் பிளே எவ்வளவு வந்தது என்று எழுதித் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

கெட்டது ஒரு செட் என்றால் மற்றவற்றையும் மாற்ற வேண்டுமா? அது வடிவத்தைப் பொறுத்தது. சிம்சன் அமைப்பில் இரண்டு செட்டுகள் ஒரே சன் கியரைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு பக்கம் பல் உடைந்தால் மறுபக்கத்தை நம்பவே முடியாது. ரவிநோ அமைப்பில் நீளப் பினியனும் குட்டைப் பினியனும் ஒரே கேரியரில் இருப்பதால் மாற்றினால் எல்லாம் ஒன்றாகத்தான் மாறும், யோசிக்க வேலை இல்லை. 8எச்.பி. போல நான்கு தனித்தனி செட் உள்ள பெட்டியில் மற்ற மூன்றையும் அளந்து பார்த்துவிட்டு விட்டுவைக்கலாம்.

பழைய கியர்பாக்ஸிலிருந்து எடுத்த செட்

விபத்தில் போன வண்டியின் கியர்பாக்ஸிலிருந்து பிளானட்டரியைக் கழற்றிப் போடுவது மட்டமான யோசனை என்று நான் சொல்ல மாட்டேன். விபத்தில் நொறுங்கியது வண்டியின் முகமாக இருக்கலாம், உள்ளே இருக்கும் கியர் பல வருடம் நல்ல எண்ணெயில் ஓடியிருக்கலாம். உற்பத்தி நின்றுபோன பெட்டிகளுக்குப் பல சமயம் இதைத் தவிர வேறு வழியும் இல்லை.

ஆனால் வாங்கினால் சன், கேரியர், ரிங் மூன்றையும் ஒரே பெட்டியிலிருந்து வாங்க வேண்டும். பல வருடம் ஒன்றோடொன்று உரசி ஓடிய பற்களின் தேய்மானம் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும். வாங்கிய பழைய கேரியரை உங்கள் பெட்டியின் சன் கியரோடு கோத்தால் உடையாது, ஆனால் கத்தும். பற்களின் எண்ணிக்கையையும் எண்ணிப் பாருங்கள். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் ஒரே குடும்பப் பெட்டிக்குள் என்ஜினுக்கு ஏற்ப விகிதம் மாறும். தப்பான விகிதச் செட்டைப் போட்டால் இயந்திரம் ஓடும், கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாது: மேலே சொன்ன பி0730 கோடு வந்து பெட்டி லிம்ப் மோடுக்கு, அதாவது ஒன்றிரண்டு கியரோடு மட்டும் ஒப்பேற்றும் நிலைக்குப் போய்விடும்.

பல்லின் மேல் நகத்தை வைத்து மெதுவாக இழுங்கள். நகம் தட்டினால் குழி இருக்கிறது, வாங்காதீர்கள்.

பெட்டியையே மாற்றுவது

இதில் இரண்டு வகை, இரண்டையும் ஒன்றாகப் பேசவே கூடாது. ஒன்று பழைய கியர்பாக்ஸ், அப்படியே கழற்றி விற்பது. இன்னொன்று ரீமேனுஃபேக்சர்டு, அதாவது முழுவதும் பிரித்து, தேய்வன எல்லாம் மாற்றி, சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்து, வாரண்டியோடு தருவது.

பழைய பெட்டி வேலை சீக்கிரம் முடியும், வண்டி சில நாளில் கையில் இருக்கும். அதன் ஒரே பலம் அதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் பெட்டி எந்த வயதில் எந்தப் பலவீனத்தால் போனதோ, அதே வயது, அதே பலவீனத்தோடுதான் அதுவும் வரும். வாங்குவதென்றால் பேனைக் கழற்றிக் காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ரீமேனுஃபேக்சர்டு பெட்டிதான் எல்லாவற்றிலும் செலவு அதிகம். அந்தச் செலவு நியாயமாகும் சூழ்நிலை ஒன்று உண்டு: துகள் பெட்டி முழுவதும் பரவிவிட்டது. பல் உடைந்து கேஸின் சுவரைக் கீறியிருக்கிறது, டிரம் பிளந்திருக்கிறது, பம்பின் உட்பக்கம் கோடு விழுந்திருக்கிறது, எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வ் பாடியில் வால்வுகள் சிக்குகின்றன. இந்தப் பட்டியலில் இரண்டு இருந்தாலே தனித்தனி ஸ்பேரின் கூட்டுத்தொகை முழுப் பெட்டியை எட்டிப் பிடிக்க ஆரம்பிக்கும். அதற்குமேல் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பது பிடிவாதம்.

எந்தப் பெட்டி வாங்கினாலும் அதன் மேல் உள்ள தகட்டில் இருக்கும் குறியீடு உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும். முன்சக்கரத்தை ஓட்டும் வண்டிகளில் ஃபைனல் டிரைவ் (சக்கரத்துக்குப் போகும் கடைசிக் கியர்) விகிதமும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அது மாறினால் எல்லாமே தப்பாகும். புதிய பெட்டிகளில் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். மெர்சிடிஸ் 722.9-இல் அந்த மாட்யூல் திருட்டுத் தடுப்போடு சேர்த்துப் பூட்டப்பட்டது, வேறு வண்டியிலிருந்து கொண்டுவந்து மாட்டினால் அப்படியே ஓடாது. புரோகிராம் செய்யும் வசதி இல்லாத பட்டறை பெட்டியை ஏற்றிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

பலப்படுத்திய செட்

4எல்60-ஈ-யில் நான்கு பினியன். அதன் அண்ணன் 4எல்65-ஈ-யில் ஐந்து. பாரம் சமமாகப் பிரிவதாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பினியனின் பங்கும் நான்கில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாகிறது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. முதல் கியர் விகிதம் 3.06 என்பதால் 400 நியூட்டன் மீட்டர் உள்ளே போனால் 1,224 வெளியே வரும், கன்வர்ட்டர் பெருக்குவதைச் சேர்க்காமலேயே. டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் என்ஜினை முறுக்கேற்றியவர்களுக்கும் அந்த ஐந்தாவது பினியன் பிரயோஜனம்தான். வேலைக்குப் போய்வரும் வண்டிக்குத் தேவையில்லை. எண்ணெய் வராமல் செத்த செட்டுக்குப் பதிலாக எத்தனை பினியன் வைத்தாலும் எண்ணெய் வராது.

எதைத் தேர்ந்தாலும் தப்பிக்க முடியாதவை

டார்க் கன்வர்ட்டர். உலோகத் துகள் ஓடிய பெட்டியோடு இருந்த கன்வர்ட்டரை வெளியிலிருந்து கழுவிச் சுத்தம் செய்ய முடியாது, வெல்டிங் போட்டு மூடிய பாத்திரம் அது. வெட்டித் திறந்து, சுத்தம் செய்து, மறுபடி வெல்ட் செய்து பேலன்ஸ் பார்த்ததாக இருக்க வேண்டும், இல்லையேல் வேறு போட வேண்டும். கூலரும் அப்படியே. குழாய் வகை என்றால் ஃபிளஷ் செய்யலாம். அடுக்குத் தகடு வகை என்றால் மூலையில் தங்கிய துகள் எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது, நான் மாற்றிவிடச் சொல்வேன். பிளானட்டரியைக் கொன்றதே கூலர் அடைப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம். பெட்டியைச் சேர்த்த பின் கூலரிலிருந்து திரும்பும் எண்ணெய் எவ்வளவு வருகிறது என்று ஒரு பாத்திரத்தில் பிடித்துப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எண்ணெயைப் பெட்டி கேட்கும் தரத்தில்தான் ஊற்ற வேண்டும், அளவைத் தயாரிப்பாளர் சொல்லும் வெப்பநிலையில்தான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் பழைய கிளட்சுக்காகக் கற்றுவைத்திருந்த அடாப்டேஷனை அழித்துவிட்டு ஓட்ட வேண்டும், இல்லையென்றால் நல்ல வேலை செய்தும் ஜெர்க் அடிக்கும்.

சரி, இதெல்லாம் யாருக்குப் பொருந்தாது? ஹோண்டாவின் வழக்கமான ஆட்டோமேட்டிக் பெட்டிகள் பல ஆண்டுகளாக இணை ஷாஃப்ட் முறையில் வந்தவை, அவற்றில் கியர் மாற்றும் வேலையைப் பிளானட்டரி செய்வதில்லை. டி.சி.டி.யிலும் (இரட்டைக் கிளட்ச் பெட்டி) அப்படியே. சி.வி.டி.யில் (கியர் படிகளுக்குப் பதில் விகிதம் தொடர்ச்சியாக மாறும் பெட்டி) பெரும்பாலும் ஒரு சின்ன பிளானட்டரி செட் உண்டு, முன்னே போவதா பின்னே வருவதா என்பதற்கு மட்டும். அங்கே ரிவர்ஸ் மட்டும் போனால் முதலில் அதன் கிளட்சைப் பாருங்கள்.

வண்டியின் மிச்ச ஆயுள் குறைவு, அடுத்த வருடமே விற்கப்போகிறீர்கள் என்றால், துகள் பரவாத பட்சத்தில் நல்ல பழைய செட்டும் ஓவர்ஹால் கிட்டும் போதும். வருடக்கணக்கில் வைத்து ஓட்டப்போகிறீர்கள், சேதமும் ஒரே செட்டில் என்றால் புதுக் கேரியர். பட்டறை மேல் நம்பிக்கை இல்லை, ஆனால் வண்டி மேல் ஆசை இருக்கிறது என்றால் ரீமேனுஃபேக்சர்டு, ஏனென்றால் அங்கே கைத்திறமையின் பொறுப்பு வாரண்டி கொடுத்தவரிடம் போய்விடுகிறது. அந்த வாரண்டிக் காகிதத்தை மட்டும் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். இறக்கி ஏற்றும் கூலியையும் அது தாங்குமா, பெட்டிக்கு மட்டும்தானா என்று பாருங்கள். கூலரை ஃபிளஷ் செய்ததற்கோ மாற்றியதற்கோ பில் இல்லையென்றால் செல்லாது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். உங்கள் பழைய பெட்டியை அவர்களிடம் கொடுத்தால்தான் அதற்கு ஈடாகப் பிடித்துவைத்த முன்பணம் திரும்பும் என்பதும் அதே காகிதத்தில்தான் எழுதியிருக்கும். கேஸ் உடைந்த பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று அப்போதே கேட்டுவிடுவது நல்லது.